ஐம்பதாம் வாரத்து டயர்கள்

திங்கட்கிழமை காலையில் அந்த டயர் ஆலையின் பிரஸ்கள் ஒவ்வொன்றாக ஒரு பெண்ணுக்காகக் காத்திருக்கும். அவள் ஏணி போட்டு மேடையில் ஏறி, வாயைப் பிளந்து நிற்கும் அச்சுக்குள் குனிந்து, ஒரு சின்னத் திருகைக் கழற்றுவாள். கட்டைவிரல் நகம் அளவுள்ள ஓர் எஃகுத் தகட்டை எடுத்துவிட்டு இன்னொன்றை வைத்து முடுக்குவாள். அவள் இறங்கி "ஆச்சு" என்று சொன்ன பிறகுதான் அந்த பிரஸ் அந்த வாரத்தின் முதல் டயரை வேகவைக்கும். மொத்தம் அறுபத்து நான்கு அச்சு. அச்சுக்கு நான்கு நிமிஷம். முகத்தில் அடிக்கிற சூட்டில் புருவம் கருகாமல் வேலை பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும்.

ஆலையில் அவளுக்கு வாரக்காரி என்று பெயர். சம்பளச் சீட்டில் இருக்கும் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவளே பேசாமல் இருந்துவிடுவாள்.

டயரின் பக்கச் சுவரில் இருக்கும் எழுத்தெல்லாம் அச்சிலேயே வெட்டி வைத்தவை. அகலம் இத்தனை மில்லிமீட்டர், அந்த அகலத்தில் நூற்றுக்கு இத்தனை பங்கு உயரம், உள்ளே மாட்டும் இரும்பு வளையம் இத்தனை அங்குலம், இவ்வளவு சுமை, இவ்வளவு வேகம் என்று எல்லாம் அதில் இருக்கும். அச்சு தேய்ந்து தூக்கிப் போடும்வரை அவை மாறுவதில்லை. மாறுவது ஒன்றே ஒன்றுதான். ஒரு நீள்வட்டத்துக்குள் நான்கு எண்கள். முதல் இரண்டும் வாரம், பின் இரண்டும் வருஷம். டயர் பிறந்த தேதி அது. அதை வைப்பவள் இவள். அச்சுக்குள் எல்லாமே கண்ணாடியில் தெரிகிற மாதிரி இடவலம் மாறித்தான் இருக்கும். அவளுக்கு அதுவே பழகிப்போய், நேராக எழுதியதைப் படிக்கத்தான் ஒரு கணம் கூடுதலாக ஆகும்.

அந்த வேலை அவளுக்கு வந்ததே ஒரு கூத்தால்தான். அதற்கு முன் பிட்டர் ஒருவர் தகடு மாற்றிக்கொண்டிருந்தார். 2019ஆம் வருஷம் ஆறாவது வாரம், 0619 என்ற தகட்டை ஓர் அச்சில் தலைகீழாக வைத்துவிட்டார். ஆறு ஒன்பதாகி, ஒன்பது ஆறாகி, டயரில் 6190 என்று விழுந்தது. அரை நாள் யாரும் கவனிக்கவில்லை. அவள் அப்போது சலூனில் இருந்தாள். அச்சிலிருந்து வரும் டயரின் மேலெல்லாம் முள்முள்ளாக ரப்பர் முடி நீட்டிக்கொண்டிருக்கும். அதைக் கத்தியால் வழித்துவிடும் இடத்துக்கு ஆலையில் சலூன் என்று பெயர். அவள் ஒரு டயரைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "அறுபத்தொண்ணாம் வாரம் எந்த மாசத்துல வருது?" என்று சத்தமாகக் கேட்டாள். அன்றிலிருந்து அந்த பிட்டருக்கு அறுபத்தொண்ணு என்று பெயர் விழுந்தது. தகடு மாற்றும் வேலை அவள் கைக்கு வந்தது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "பீடை விட்டுச்சு, நீயே வெச்சுக்க" என்று திருகுச்சாவியையும் அவளிடமே கொடுத்துவிட்டார்.

வேலை அவளைப் பிடித்துக்கொண்டது. தெருவில் நிற்கும் கார்களின் காலைப் பார்த்துக்கொண்டுதான் நடப்பாள். "ஊர்ல பொம்பளைங்க கழுத்தைப் பார்ப்பாங்க. எங்க வீட்டுல ஒருத்தி சக்கரத்தைப் பார்க்குறா" என்று அவள் அக்கா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். அக்காவும் அத்தானும் மாடியில், இவளும் அம்மாவும் கீழே இரண்டு அறைகளில். அத்தான் டாக்ஸி ஓட்டுகிறவர்.

ஒருநாள் அவர் கடையிலிருந்து இரண்டு டயர் மாட்டிக்கொண்டு வந்தார். ஓடாத சரக்கு, பள்ளத்தில் விரலே புதைகிறது என்று பெருமை வேறு. வெளிப்பக்கம் தேதி இல்லை. அவள் ஒரு சாக்கை விரித்து, டார்ச்சோடு வண்டிக்கு அடியில் நுழைந்தாள்.

"பன்னெண்டாம் வருஷம், பதினோராவது வாரம்" என்று அடியிலிருந்து குரல் வந்தது. "ஒம்போது வயசு அத்தான்."

"ஓடவே இல்லையேம்மா. பள்ளத்தைப் பாரு."

"ஓடலேன்னாலும் வயசாகும். சுவத்துல முடி மாதிரி விரிசல் ஓடுது. அதோட இதுல சுமை எண் எண்பத்தெட்டு. உங்க வண்டிக்குத் தொண்ணூத்தொண்ணு வேணும். அஞ்சு பேரும் பெட்டியும் ஏத்திக்கிட்டு மேம்பாலத்துல போறது நீங்கதானே?"

அத்தான் சண்டைக்குப் போகிற ஆள் இல்லை. அவளே கூடப் போனாள். கடைக்காரர், "டயரு விக்கிறது நானா நீயா?" என்றார். அவள் டயர் அடுக்கின் பக்கம் போனாள். அடுக்கி வைத்திருந்த டயர்களின் தேதிகளை, வாடிக்கையாளர்கள் நிற்க நிற்க, ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தாள். நான்காவது டயரைப் படிக்கும்போதே கடைக்காரர் மாற்றிக் கொடுத்துவிட்டார்.

வெறும் பைத்தியமாக இருந்த அந்தப் பழக்கத்துக்கு அர்த்தம் வந்தது 2022இல். முப்பத்தொன்றாவது வாரத்தில் ரப்பர் கலவையில் ஏதோ ஒரு பொடி சரியாகச் சேரவில்லை. இரண்டு மாதம் கழித்துத்தான் தெரிந்தது, அதுவும் ஒரு டயர் சுவர் புடைத்துக்கொண்டு திரும்பி வந்த பிறகு. கடைகளுக்கெல்லாம் கடிதம் போயிற்று: 3122 என்று இருந்தால் திருப்பி அனுப்பு. லாரி லாரியாக வந்து இறங்கின. யாருக்கும் அடிபடவில்லை. அவள் வாசலில் நின்று, தான் வைத்த எண்ணைத் தேடித் தேடி ஆட்கள் டயர்களைப் பிரிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு 2024 டிசம்பர். ஐம்பதாவது வாரத்தின் திங்கட்கிழமை. அவள் கையுறை மாட்டிக்கொண்டிருந்தபோது பிரிவு மேலாளர் வந்தார். கத்தி மாதிரி மடிப்பு நிற்கும் சட்டை போடுகிறவர் என்பதால் அவர் இல்லாத இடத்தில் அவருக்கு இஸ்திரி என்று பெயர். கையில் ஒரு சின்னப் பொட்டலம்.

"பதினேழு, பதினெட்டு, பத்தொம்போது, இருபது. இந்த நாலு அச்சுல மட்டும் இதைப் போடு."

பிரித்துப் பார்த்தாள். 0125.

"சார், இன்னைக்கு ஐம்பதாவது வாரம்."

"தெரியும்மா. ஒரு பெரிய வியாபாரியோட ஆர்டர். கடைக்குப் போறதே ஜனவரி கடைசியிலதான். அப்ப போன வருஷத்து எண் இருந்தா, வாங்குறவங்க மூஞ்சியைத் திருப்பிக்கிறாங்களாம்."

"அப்ப ஜனவரியிலயே செய்யலாமே சார்."

"ஜனவரியில வேற ஆர்டர் இருக்கு. மூணு வாரம்மா. மூணு வாரத்துல ரப்பர் கெட்டா போயிடும்?"

"கெடாது."

"அப்புறம் என்ன?"

"இன்னும் வராத வாரம் சார் அது."

அவர் சிரித்தார். சுற்றி நின்றவர்களும், சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல், பாதி சிரித்தார்கள்.

"நாளைக்கு இந்த நாலு அச்சுல ஏதாவது கோளாறுன்னா, எந்த வாரம்னு தேடுவீங்க?" என்று அவள் கேட்டாள். "முப்பத்தொண்ணாவது வாரத்தை எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"வந்தா பார்த்துக்கலாம்."

"வந்தப்புறம் பார்க்குறதுக்குத்தான் சார் இந்த எண்ணு. இன்னைக்கு மூணு வாரத்துக்குச் சரின்னா, அடுத்த வருஷம் முப்பது வாரம் கேப்பீங்க. நான் வைக்க மாட்டேன்."

பொட்டலத்தை முன்பிருந்த மாதிரியே மடித்து மேசைமேல் வைத்தாள். முதல் அச்சில் ஏறி 5024 வைத்தாள். பதினாறு அச்சு முடிந்து பதினேழாவதுக்கு வந்தபோது அவர் ஏணியின் அடியில் கை கட்டி நின்றார். "இதுல ஏறாத" என்றார். அவள் ஏணியைத் தூக்கிக்கொண்டு இருபத்தொன்றாவதுக்குப் போனாள்.

அவர் அறுபத்தொண்ணைக் கூப்பிட்டனுப்பினார். மனுஷர் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டே வந்து, விஷயத்தைக் கேட்டு, தலையைச் சொறிந்தார். "சார், நான் தகட்டைத் தலைகீழா வைக்கிறவன். ஆலைக்கே தெரியும். மறுபடியும் என் கையில குடுத்தா உங்களுக்குத்தான் கெட்ட பேரு." அவ்வளவு பணிவாகச் சொன்னார், திட்ட வழியில்லை.

கடைசியில் இஸ்திரியே ஏறினார். முதல் திருகு அச்சுக்குள் விழுந்தது. அதை எடுக்கக் காந்தம் தேட வேண்டியிருந்தது. இரண்டாவது திருகு திரும்பவே இல்லை. சூட்டில் மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்து, துடைத்து, மறுபடியும் படிந்தது. அவள் தன் அறுபது அச்சையும் முடித்துவிட்டு வந்தபோது அவர் மூன்றாவதில் இருந்தார். நான்காவதை முடித்து இறங்கும்போது மதியம் பன்னிரண்டு மணி. சட்டையின் முதுகில் குறுக்காக ஒரு கறுப்புப் பட்டை. யாரும் சிரிக்கவில்லை. ஆனால் அன்று அந்தப் பக்கம் தண்ணீர் குடிக்க வந்தவர்கள் அதிகம்.

தகடு மாற்றிய பதிவேட்டை நீட்டினார். "கையெழுத்துப் போடு."

அவள் உட்கார்ந்து பொறுமையாக எழுதினாள். அறுபது அச்சுக்கு எதிரே 5024, தன் கையெழுத்து. கீழே: "பதினேழு முதல் இருபது வரை, ஐம்பதாவது வாரத்தில் 0125 வைக்கப்பட்டது. வைத்தவர் பிரிவு மேலாளர். நான் வைக்கவில்லை." அதற்கும் கையெழுத்துப் போட்டாள். அவர் படித்தார். பக்கத்துக்குப் பக்கம் எண் போட்ட பதிவேடு, கிழித்தால் தெரியும்.

"நாளையிலேருந்து உனக்கு இங்க வேலை இல்ல. சலூனுக்குப் போ" என்றார்.

குழாயடியில் கையோடு திருகுச்சாவியையும் கழுவித் துடைத்து வைத்தாள்.

வீட்டில் அம்மா முழுவதையும் கேட்டுவிட்டுத் தட்டை நகர்த்தி வைத்தாள். "தேதிதானே. உனக்கே பொய்த் தேதிதான் போட்டோம். நீ நல்லா இல்லையா?"

அது உண்மை. பள்ளியில் சேர்க்கும்போது வயது பற்றாது என்று எழுத்தர் ஒரு வருஷத்தைக் கூட்டி, தன் வாய்க்கு வந்த ஒரு தேதியை எழுதிவிட்டார். பதினெட்டு வருஷம் கழித்து நர்ஸ் பயிற்சிக்குப் போனபோது, வயது வரம்பை நான்கு மாதம் தாண்டிவிட்டாய் என்று திருப்பி அனுப்பினார்கள். தாண்டவில்லை என்று அவளும் சொன்னாள், அப்பாவும் சொன்னார். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் தாளைத் தட்டிக் காட்டினார். தாளில் எழுதியிருப்பதுதான் வயது.

"நல்லாத்தான் இருக்கேன்" என்றாள். "அவங்க என்னைத் திருப்பி அனுப்பினப்ப யார் மேலம்மா தப்பு? எழுதினவன் மேல தப்பே இல்ல. அவன் உதவிதான் செஞ்சான். எல்லாரும் உதவிதான் செய்யறாங்க."

அம்மா தட்டை மறுபடியும் இழுத்துக்கொண்டாள். பிறகு, "வேலையை விட்டு அனுப்பிட்டா?" என்றாள்.

"அனுப்பட்டும். காரணத்தை எழுதிக் குடுத்து அனுப்பட்டும்."

மறுநாள் காலை சலூனில் பழைய மேசை, பழைய கத்தி. பத்து டயர் வழித்தாள். பதினோராவது உருண்டு வந்தது. அச்சு எண் பதினெட்டு. திருப்பினாள். 0125. ரப்பரில் இன்னும் சூடு இருந்தது. மூன்று வாரம் கழித்துப் பிறக்கப்போகும் டயர் கைக்குள் சுட்டுக்கொண்டிருந்தது.

நிமிர்ந்தபோது எதிர்ச் சுவர் கண்ணில் பட்டது. சலூனில் எல்லாரும் பார்த்துப் பார்த்துப் பார்க்காமலே போன ஓர் அறிவிப்பு. "பக்கச் சுவரில் எழுத்தோ எண்ணோ தவறாக இருந்தால் மஞ்சள் குறி போட்டு நிறுத்துமிடத்துக்கு அனுப்பவும். தரப்பிரிவுத் தலைவரின் கையெழுத்து இல்லாமல் அந்த டயர் வெளியே போகக் கூடாது." அடியில் பிரிவு மேலாளரின் கையெழுத்து. அறுபத்தொன்றாம் வாரக் கூத்துக்குப் பிறகு அவரே ஒட்டியது.

அவள் அதை முழுக்க ஒருமுறை படித்தாள். இழுப்பறையில் மஞ்சள் கட்டி கிடந்தது. டயரின் மேல் பெரிய பெருக்கல் குறி போட்டு, பக்கத்தில் "தேதி தவறு" என்று எழுதி, இடது பக்கத் தடத்தில் உருட்டிவிட்டாள்.

பக்கத்து மேசைப் பெண் எட்டிப் பார்த்தாள். "என்னக்கா, நிசமாவா?"

"சுவத்துல எழுதியிருக்கு. படி."

அந்தப் பெண் படித்தாள். அவள் மேசைக்கு வந்த அடுத்த டயரை அவளும் திருப்பிப் பார்த்தாள். இழுப்பறையைத் திறந்தாள். கொஞ்ச நேரத்தில் எட்டு மேசையிலும் மஞ்சள் பொடி உதிர்ந்துகொண்டிருந்தது.

நிறுத்துமிடம் என்பது இருபது டயர் வைக்கிற ஒரு கம்பி அடைப்பு. ஒன்பது மணிக்குள் அது நிரம்பிவிட்டது. பத்தரை மணிக்கு டயர்கள் நடைபாதைக்கு வந்தன. பன்னிரண்டுக்கு, பாரம் தூக்கும் வண்டி போக வழியில்லாமல் ஓட்டுநர் ஹாரனை அழுத்திக்கொண்டே நின்றார். என்ன கூச்சல் என்று பார்க்க இஸ்திரி வந்தார். மஞ்சள் குறிகளின் வரிசையைப் பார்த்ததும் அவர் நடை நின்றது.

"யார் போட்டது இது?"

"நான்தான் சார் ஆரம்பிச்சேன். உங்க நோட்டீஸ்."

"இது தப்பான எண் இல்ல. நான் போடச் சொன்ன எண்."

"அப்ப தரப்பிரிவு மேடம் கையெழுத்துப் போட்டா போயிடும் சார். நான் குறுக்க நிக்கல."

கத்தியைக் கீழே வைக்காமலே சொன்னாள். வழித்துக்கொண்டிருந்த டயரில் இன்னும் பாதி முடி பாக்கி இருந்தது.

தரப்பிரிவுத் தலைவர் ஓய்வுக்கு இரண்டு வருஷம் இருக்கும் ஓர் அம்மாள். அதிகம் பேசமாட்டார். குனிந்து ஒரு டயரைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார், மேலாளரைப் பார்த்தார்.

"நான் விட்டுடலாம்னு எழுதணும்னா என்னன்னு எழுதுறது? வராத வாரத்துல செஞ்ச டயர், நல்லா இருக்குன்னா?"

"மேடம், மேலிடத்துல எல்லாரும் ஒத்துக்கிட்டதுதான்."

"அப்ப அதை ஒரு தாள்ல எழுதிக் குடுங்க. கீழே நான் போடுறேன்."

அவர் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். கால் மணி நேரம் கழித்து வந்தார். மேலிடத்தில் ஒத்துக்கொண்டவர் யாரும் எழுதித் தர ஒத்துக்கொள்ளவில்லை என்பது அவர் முகத்தில் இருந்தது. அதற்குள் அந்த அம்மாள் தகட்டுப் பதிவேட்டை வரவழைத்து, முந்தின நாள் பக்கத்தைப் படித்து முடித்திருந்தார். படித்த இடத்தில் தன் கையெழுத்தையும் தேதியையும் போட்டு மூடினார்.

மூன்று மணிக்கு நான்கு அச்சிலும் 5024 ஏறியது. அறுபத்தொண்ணுதான் ஏறி மாற்றினார், ஒவ்வொரு தகட்டையும் வைப்பதற்கு முன் கீழே நீட்டி, "நேராத்தானே இருக்கு?" என்று எல்லாரையும் கேட்டார்.

ரப்பரில் ஒருமுறை விழுந்த எண்ணை மாற்ற வழி கிடையாது. தேய்த்து அழித்தால் தேதியே இல்லாத டயர் ஆகிவிடும். முந்தின நாள் கிடங்குக்குப் போனதையும் திருப்பிக் கொண்டுவந்து எண்ணினார்கள். நானூற்று முப்பத்தொன்று. எல்லாவற்றையும் வெட்டச் சொல்லிவிட்டார்கள்.

வெட்டும்போது அவள் போய் நின்றாள். போகாமல் இருந்திருக்கலாம். நல்ல டயர்கள். கலவை போட்டவன், நூல் சுற்றியவள், அடுக்கி ஒட்டியவன் எல்லாருடைய கையும் அதில் இருந்தது. கத்தி இறங்கும்போது ரப்பர் ஒரு மாதிரி முனகியது.

இஸ்திரி பின்னால் வந்து நின்றார். "பாத்துக்க. நானூத்து முப்பத்தொண்ணு. உன் பிடிவாதம் பண்ணின வேலை."

அவள் திரும்பி அவரைப் பார்த்தாள். "பிடிவாதம் என்னுதுதான் சார். தகடு உங்களுது."

அவளுக்கு ஓர் ஓலை வந்தது: மேலாளர் சொல்லை மீறியதற்கு மன்னிப்புக் கடிதம் தர வேண்டும். நான்கு வரியில் நடந்ததை எழுதிக் கொடுத்தாள். மன்னிப்பு என்ற சொல் அதில் இல்லை. இரண்டாம் முறை கேட்டார்கள். அதே நான்கு வரியை இன்னும் தெளிவான கையெழுத்தில் எழுதிக் கொடுத்தாள். மூன்றாம் முறை கேட்கவில்லை. சலூனிலேயே வைத்திருந்தார்கள்.

திங்கட்கிழமைகளில் தகடு மாற்றுவது அறுபத்தொண்ணு தலையில் விழுந்தது. அவர் ஒவ்வொரு அச்சிலும் முதல் டயர் விழுந்ததும், அதை நேராக அவள் மேசைக்கு உருட்டிக்கொண்டு வந்துவிடுவார். "பாத்துச் சொல்லு. என் கண்ணை நான் நம்புறதில்ல." அறுபத்து நான்கு டயர், அறுபத்து நான்கு முறை நடை. ஐந்தாவது வாரத்தில் அவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. ஏழாவது வாரத்தில் உற்பத்தி தாமதமாகிறது என்று மேலிடத்திலிருந்து கேள்வி வந்தது. தரப்பிரிவு அம்மாள் அதற்குத்தான் காத்திருந்தார் போல. தகடு மாற்றும் ஆள் இனி உற்பத்திப் பிரிவுக்குக் கீழே வேண்டாம், தரப்பிரிவுக்குக் கீழே இருக்கட்டும் என்று எழுதி, மேலிடத்தின் கையெழுத்தும் வாங்கிவிட்டார்.

ஒன்பதாவது வாரம், வெள்ளிக்கிழமை, அவளைக் கூப்பிட்டனுப்பினார்.

"திங்கக்கிழமையிலேருந்து உன் ஏணி உனக்கு. எந்த மேலாளரும் உன்கிட்ட நேரா வந்து எண் சொல்லக் கூடாது. போதுமா?"

"எழுத்துல வேணும் மேடம்."

அந்த அம்மாள் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். பிறகு மணியடித்து எழுத்தரைக் கூப்பிட்டார். தட்டச்சு செய்த தாள் வந்தது. அவள் நின்றபடியே இரண்டு முறை படித்தாள்.

"கையெழுத்துப் போட்டு வாங்கிக்கம்மா. எனக்கு வேற வேலை இருக்கு" என்றார் எழுத்தர்.

"இன்னைக்கு வெள்ளிக்கிழமை அண்ணே. தாள்ல திங்கக்கிழமை தேதி போட்டிருக்கு."

"திங்கக்கிழமையிலேருந்துதானே நடைமுறை? மூணு நாள்ல என்ன வந்துடப் போகுது?"

அவள் தாளை மேசைமேல் அவர் பக்கமாகத் திருப்பி வைத்தாள். எழுத்தர் உதவிக்குத் தரப்பிரிவு அம்மாளைப் பார்த்தார். அந்த அம்மாள் ஏதோ ஒரு கோப்பில் மூழ்கிவிட்டிருந்தார். எழுத்தர் வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே போய் மறுபடியும் தட்டினார். புதுத் தாள் வரும்வரை அவள் அங்கேயே நின்றாள்.